40 சைஸ் டிரெய்னர்: ஃபயர்வால், ரிப், ஸ்டெபிலைசர் மூணும் போச்சு. பழைய பசையை எப்படி எடுக்கிறது?

ஓமலூர்_ரன்வே கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம். ஹை விங் டிரெய்னர் (இறக்கை மேலே உட்கார்ற, பழகுறதுக்கான விமானம்), முழுக்க பால்சா (ரொம்ப லேசான மரம்), இறக்கை 1600 மி.மீ., டேங்க் காலியா இருக்கும்போது எடை 2.4 கிலோ, 6.5 சி.சி. (அதாவது 40 சைஸ்) குளோ இன்ஜின். ஏற்காட்டில் இறக்கும்போது சில்வர் ஓக் கிளையில இடது இறக்கை தட்டி, மூக்கு தரையில குத்திடுச்சு. சேதம் இவ்வளவு:

6 மி.மீ. பிளைவுட் ஃபயர்வால் (இன்ஜின் மாட்டுற முன்பலகை) குறுக்கே விரிஞ்சு, ஒரு பக்கம் ஃபியூசிலாஜ்ல (விமானத்தோட உடல்) இருந்து பிரிஞ்சு நிக்குது. சுத்தி எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கு. இடது இறக்கையில அடுத்தடுத்து 3 ரிப் (இறக்கைக்கு வடிவம் தர்ற குறுக்குத் தகடு) நொறுங்கியிருக்கு, லீடிங் எட்ஜ் (முன்விளிம்பு) சுமார் 150 மி.மீ. காணோம், மேல் ஸ்பார்ல (இறக்கை நீளத்துக்கு ஓடுற கட்டை) முடி மாதிரி ஒரு கோடு தெரியுது. ஸ்டெபிலைசர் (வால்ல படுக்கையா இருக்கிற தகடு) 6 மி.மீ. ஷீட் பால்சா, இடது பாதி ஃபியூசிலாஜ் ஓரத்துலயே முறிஞ்சிடுச்சு.

கட்டினவங்க எங்கே என்ன பசை போட்டாங்கன்னு தெரியாது, கை மாறி வந்த விமானம். நல்லா இருக்கிற மரத்தைக் கெடுக்காம உடைஞ்சதை மட்டும் எடுக்கணும். அசிட்டோன் ஊத்தலாமா, சூடு காட்டலாமா? எதை முதல்ல தொடுறது?

பால்சாத்தூள் பதில்:

தம்பி, மூன்று இடத்திலும் மூன்று விதப் பசை இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் முதல் வேலை, பசையை அடையாளம் காண்பது. உடைந்து கையோடு வந்த துண்டுகளில் பசை ஒட்டியிருக்கும் அல்லவா, சோதனையை அதில் செய்யுங்கள். விமானத்தில் செய்ய வேண்டாம்.

நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் போலக் கொஞ்சம் அமுங்கினால் ஃபெவிகால் வகை மரப்பசை. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் வெளுத்து, மெத்தென்று ஆகியிருக்கும். மஞ்சள் மரப்பசையாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, சூட்டுக்குத்தான் மசியும். நகம் வழுக்கிப் போய், கண்ணாடி போல உடைந்து, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மாதிரி இருந்தால் சி.ஏ., அதாவது நம் ஃபெவிக்விக் குடும்பம். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு மேலே வைத்துச் சில நிமிடம் விட்டால் மேல்பக்கம் பிசுபிசுக்கும். மூலையில் தேன் நிறத்தில் தடிப்பாக வழிந்து உறைந்திருந்தால் எபாக்ஸி. அதற்கு அசிட்டோன் ஒன்றும் செய்யாது. சால்டரிங் அயர்ன் முனையை 5 நொடி வைத்தால் பனீர் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, எடுக்கும் முறை. ஒட்டைப் பிரிக்கப் பார்க்கக் கூடாது. எந்தத் துண்டு எப்படியும் குப்பைக்குப் போகப் போகிறதோ அதைத்தான் வெட்டிப் பலி கொடுக்க வேண்டும். பசை பால்சாவைவிட வலுவானது. ரிப்பைப் பிடித்து இழுத்தால் பசை விடாது, ஸ்பாரின் நார்தான் கிழிந்து கூடவே வரும். அப்புறம் ஒரு ரிப் மாற்ற வந்த இடத்தில் ஸ்பாரையும் மாற்ற வேண்டிவரும்.

ரிப்புக்கு இப்படிச் செய்யுங்கள். சேதத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல ரிப் வரை ஃபிலிமை (மரத்தின் மேல் ஒட்டி இறுக்கிய பிளாஸ்டிக் உறையை) எடுங்கள். நல்ல ரிப்பின் நடுக்கோட்டில் பிளேடு வைத்து ஃபிலிமை மட்டும் வெட்ட வேண்டும், மரத்தில் இறங்கக் கூடாது. நொறுங்கிய ரிப்பை நடுவில் நோஸ் பிளேயரால் உடைத்து எடுத்துவிட்டு, ஸ்பார், லீடிங் எட்ஜ், டிரெய்லிங் எட்ஜ் (பின்விளிம்பு) மூன்றிலும் 2 மி.மீ. கட்டை மட்டும் விட்டு வையுங்கள். ஐஸ் குச்சியில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அந்தக் கட்டையை ஸ்பாரின் நீளவாக்கிலேயே தேயுங்கள். பசைக்கோடு மங்கலாகத் தெரியும்போது 220க்கு மாறி, மரத்தின் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். சி.ஏ. கல்லு மாதிரி, பக்கத்தில் இருக்கும் பால்சா பஞ்சு மாதிரி. சும்மா தேய்த்தால் பசை அப்படியே நிற்கும், இரண்டு பக்கமும் பள்ளம் விழும். பசைக்கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு தேயுங்கள்.

புது ரிப் முழுசாக உள்ளே போகாது, மேலும் கீழும் ஸ்பார் தடுக்கும். 2.4 மி.மீ. பால்சாவில் ஸ்பாருக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக வெட்டி, தனித்தனியாக நுழைத்து, மேல், கீழ் ஸ்பார்களுக்கு நடுவில் வெப் (இரண்டையும் இணைக்கும் பால்சாத் தகடு) வைத்து இணையுங்கள். அந்த வெப்பின் நார் ஓட்டம் நின்றவாக்கில், மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். படுக்கை வாக்கில் வைத்தால் வெப் போட்டும் பயன் இல்லை. உங்கள் இறக்கை நேர்க்கோட்டு இறக்கை என்றால் எல்லா ரிப்பும் ஒரே அளவு; பக்கத்து நல்ல ரிப்பில் அட்டையை அழுத்தி அச்சு எடுத்தால் போதும்.

ஸ்பாரில் தெரியும் அந்த முடிக்கோடுதான் எனக்குக் கவலை. விரல் நகத்தால் ஸ்பாரை லேசாக வளைத்துப் பாருங்கள். கோடு வாய் திறந்தால் அது முறிவு. தின் சி.ஏ. (தண்ணீர் போல ஓடும் சி.ஏ.) ஊற்றி மூடிவிட்டால் இறுகின மாதிரி தோன்றும், பறக்கும்போது முதல் திருப்பத்தில் மடங்கும். மேல் ஸ்பார் அமுக்கத்தைத் தாங்குவது என்பதால் சிலர் அலட்சியப்படுத்துவார்கள், கேட்காதீர்கள். முறிந்த இடத்தை வெட்டி, சாய்வு வெட்டு போட்டு புதுத் துண்டு இணைக்க வேண்டும். சாய்வின் நீளம் ஸ்பார் உயரத்தைப்போல் 12 மடங்கு: 6 மி.மீ. ஸ்பார் என்றால் 72 மி.மீ. இரண்டு முனையிலும் அப்படி. ஒட்டு காய்ந்த பிறகு ஒரு பக்கத்தில் 0.8 மி.மீ. பிளை பட்டை, சாய்வைத் தாண்டி இரண்டு பக்கமும் 25 மி.மீ. போகிற மாதிரி. பட்டையின் முனைகளைக் கூராகச் சீவிவிடுங்கள். சதுரமாக விட்டால் அடுத்த முறிவு சரியாக அந்த முனையில்தான் வரும். லீடிங் எட்ஜுக்கு அவ்வளவு வேண்டாம், 5 மடங்கு சாய்வு போதும்.

இதெல்லாம் செய்யும்போது இறக்கை சமமான பலகையில் குண்டூசியில் குத்தியிருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு ரிப் ஒட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். ஃபிலிமை எடுத்துவிட்டால் முறுக்கைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மேட்டூர்_காற்று பதில்:

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? சி.ஏ. ஒட்டுன்னா சிரிஞ்ச்ல அசிட்டோன் எடுத்து ஒட்டுல விட்டா பத்து நிமிஷத்துல கழண்டு வந்துடும். நெயில் பாலிஷ் ரிமூவரே போதும்.

பால்சாத்தூள் பதில்:

கழன்று வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் கரைந்த சி.ஏ. எங்கே போகும்? அசிட்டோனோடு சேர்ந்து மரத்துக்குள்ளே இறங்கி, அசிட்டோன் ஆவியானதும் அங்கேயே மறுபடி உறையும். மேலே மரம் மாதிரி தெரியும், ஆனால் துவாரமெல்லாம் அடைபட்டிருக்கும். அதன்மேல் ஃபெவிகால் போட்டால் ஊறாது. காய்ந்தபின் ஒரு தட்டில் தோல் மாதிரி உரிந்து வரும். தட்டையான பிளை மேல் ஒட்டிய சர்வோ (மடலை அசைக்கும் குட்டி மோட்டார்) தட்டு மாதிரி இடத்துக்கு அசிட்டோன் சரி. ரிப்புக்கும் ஸ்பாருக்கும் வேண்டாம். அதோடு இப்போது கடையில் வரும் ரிமூவர் பலவற்றில் அசிட்டோனே இல்லை, லேபிளைப் பாருங்கள். அசிட்டோன் பட்டால் ஃபிலிமின் நிறமும் பசையும் கலங்கும்.

செவ்வாய்பேட்டை_ரம்பம் பதில்:

ஃபயர்வால் என் பங்கு. கழட்டுறதுக்கு முன்னாடி அளவு எடுக்கலைன்னா எல்லாமே வீண்.

இந்த மாதிரி டிரெய்னர்ல ஃபயர்வால் நேரா இருக்காது. வலது பக்கம் சுமார் 2 டிகிரி, கீழே 2-3 டிகிரி சாய்ச்சு வச்சிருப்பாங்க. 80 மி.மீ. அகல ஃபயர்வால்ல 2 டிகிரின்னா இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 2.8 மி.மீ. வித்தியாசம். இடது ஓரம் முன்னாடி தள்ளி நிக்கும், மேல் ஓரமும் கீழ் ஓரத்தைவிட முன்னாடி. ஃபியூசிலாஜோட ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா அட்டையில அச்சு வெட்டிக்கோங்க. இறக்கையோட லீடிங் எட்ஜ் உட்காரும் இடத்துல இருந்து ஃபயர்வால் வரைக்கும் நாலு மூலைக்கும் நீளம் எழுதி வச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்குது இல்லையா, அந்தப் பக்கத்தைக் கையால பழைய இடத்துல அழுத்தி வச்சு அளங்க.

இன்ஜின், மவுண்ட், டேங்க், த்ராட்டில் கம்பி, முன்சக்கரக் கம்பி எல்லாத்தையும் எடுத்துடுங்க. இப்ப ஃபயர்வாலைப் பின்னாடி இருந்து சுத்தியலால தட்டிடாதீங்க. பக்கச் சுவர் 3 மி.மீ. பால்சா, உள்ளே மெல்லிசா பிளை டப்ளர் (சுவருக்குப் பலம் தர ஒட்டின தகடு). தட்டினா டப்ளரும் பால்சாவும் பிரியும், அதை மறுபடி ஒட்ட உள்ளே கை போகாது. ஓரத்துல இருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி, சுத்திலும் 3 மி.மீ. டிரில்ல நெருக்கமா ஓட்டை போடுங்க. ஓட்டைகளை இணைக்க, இங்க கொலுசுப் பட்டறையில வெள்ளி அறுக்கிற மெல்லிய ரம்பம் இருக்கு பாருங்க, அதைவிட நல்ல கருவி கிடையாது. பிளேடைக் கழட்டி ஓட்டையில நுழைச்சு மறுபடி வில்லுல மாட்டி அறுக்கலாம். பல்லு கீழ்நோக்கி இருக்கணும். பிளைவுட்டுக்கு ரொம்ப நுணுக்கமான பிளேடு வாங்கினா தூள் அடைச்சுக்கும், கொஞ்சம் பெரிய பல்லா கேட்டு வாங்குங்க.

நடுத்துண்டு வந்ததும் 4 மி.மீ. வளையம் மட்டும் மிச்சம் நிக்கும். அதை நாலு மூலையிலயும் அறுத்து நாலு பட்டையா ஆக்கிடுங்க. ஒவ்வொரு பட்டையையும் சால்டரிங் அயர்னால சூடு பண்ணி, எபாக்ஸி மசிஞ்சதும் உளியை உள்பக்கம் நோக்கி, அதாவது சுவரை விட்டு விலகுற திசையில நெம்புங்க. ஹீட் கன் வேண்டாம். சூடு பரவி டப்ளர் ஒட்டையும் அவிழ்த்துடும். முக்கோணக் கட்டை இருந்தா அதைக் காப்பாத்தப் பாக்காதீங்க, சீவித் தள்ளுங்க, புதுசு போட்டுக்கலாம். ஜன்னல் திறந்து வச்சு வேலை பண்ணுங்க, சூடான சி.ஏ. புகை கண்ணுல ஏறினா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

இனி எண்ணெய். குளோ எரிபொருள்ல மெத்தனால் ஆவியாயிடும், ஆமணக்கு எண்ணெயும் சிந்தடிக் எண்ணெயும் மரத்துலயே தங்கிடும். எண்ணெய் ஊறின மரத்துல எந்தப் பசையும் பிடிக்காது. அந்த ஃபயர்வால் ஒரு பக்கம் சுத்தமா பிரிஞ்சு வந்ததுக்கும் மோதல் மட்டும் காரணமா இருக்காது. பிரிஞ்ச முகத்தைப் பாருங்க: மர நார் ஒட்டாம பளபளன்னு இருந்தா, எண்ணெய் அதை ஏற்கனவே பாதி விடுவிச்சிருக்கு.

வெளிநாட்டுக்காரங்க சோளமாவு சொல்வாங்க. நம்ம சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசி மில் மரவள்ளி ஸ்டார்ச் மாவு இருக்க, சோளமாவு எதுக்கு? ரெண்டும் மாவுச்சத்துதான். மாவு நாலு ஸ்பூன் எடுத்து, மருந்துக்கடை ஐசோபுரொபைல் ஸ்பிரிட் விட்டு தோசைமாவைவிடக் கெட்டியா குழைச்சு, 3 மி.மீ. தடிமனா அப்புங்க. ஸ்பிரிட் உள்ளே போய் எண்ணெயை இளக்கும், காயும்போது மாவு அதை இழுத்துக்கும். நல்லா காய்ஞ்சதும் பழைய பல்துலக்கி வச்சுத் தட்டி எடுங்க. முதல் தடவை மாவு பழுப்பா வரும். வெள்ளையாவே வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப, மூணு நாலு தடவை ஆகும். தண்ணீர்ல குழைச்சா எண்ணெய் அசையாது, மரம்தான் உப்பும். கடைசியா ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு. மெதுவா ஊறினா சுத்தம். கறுத்து, நகம் பதியுற அளவுக்கு மெத்துன்னு ஆன பால்சாவுக்கு இந்த வைத்தியம் கிடையாது, அதை வெட்டிட்டுப் புதுசு வைங்க. ஸ்பிரிட் வேலை நடக்கும்போது பக்கத்துல சால்டரிங் அயர்ன் ஆன்ல இருக்கக் கூடாது.

புது ஃபயர்வால் 6 மி.மீ. பிர்ச் பிளை. ஃபர்னிச்சர் கடை 6 மி.மீ. பிளை வாங்காதீங்க, அதுல லேயர் குறைவு, நடுவுல ஓட்டை இருக்கும், மவுண்ட் போல்ட் அமுங்கிடும். டி-நட்டை (மரத்துல பதிஞ்சு நிக்கிற முள்ளு வச்ச நட்) பின்பக்கம் வச்சு, முன்பக்கம் வாஷரோட போல்ட் போட்டு இறுக்கி இழுத்து உட்கார வைங்க. மரையில வாசலின் தடவிட்டு, விளிம்புல மட்டும் ஒரு துளி எபாக்ஸி. இதெல்லாம் ஃபயர்வாலை ஒட்டுறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும், அப்புறம் பின்பக்கம் கை எட்டாது.

ஒட்ட 5 நிமிஷ எபாக்ஸி வேண்டாம். சேலம் வெயில்ல அது மூணு நிமிஷத்துக்குள்ள இழுக்க ஆரம்பிச்சிடும், நாலு மூலை அளவையும் சரிபார்க்கவே அவ்வளவு நேரம் ஆகும். சூட்டுல இளகுறதும் அதுதான் முதல்ல. ஏப்ரல் மே மாசம் மூடின காருக்குள்ள வச்ச விமானம் 60 டிகிரியைத் தொடும், இன்ஜின் சூடு வேற. சாதாரண மெது அரால்டைட் போடுங்க, ராத்திரி முழுக்க விடுங்க. கப்பிலேயே குவிச்சு வச்சிருந்தா தன் சூட்டுல தானே சீக்கிரம் கெட்டியாகும். கலந்ததும் தட்டுல பரப்பிடுங்க. பிளை முகத்தை 80 நம்பர் தாள்ல கீறுங்க. காய்ஞ்சபிறகு பக்கச் சுவர் வழியா ஃபயர்வால் விளிம்புக்குள்ள பக்கத்துக்கு மூணு ஓட்டை, 20 மி.மீ. ஆழம், 2.5 மி.மீ. மூங்கில் குச்சி எபாக்ஸியோட. பசை ஒருநாள் விட்டாலும் குச்சி பிடிச்சுக்கும். கடைசியா முன்முகம், ஓரம், டேங்க் அறை உள்பக்கம் எல்லாம் மெல்லிசா எபாக்ஸி பூசிடுங்க. முதல்லயே இதைப் பூசியிருந்தா எண்ணெய் ஊறியே இருக்காது.

ஓமலூர்_ரன்வே:

ரொம்ப நன்றி அண்ணா. சோதனை முடிவு: ரிப் எல்லாம் சி.ஏ., ஃபயர்வால் எபாக்ஸி, ஸ்டெபிலைசர் அடியில தண்ணி பட்டதும் வெளுக்குது, அதனால ஃபெவிகால். ஸ்பார் கோடு வளைச்சா வாய் திறக்குது, அப்ப வெட்டித்தான் ஆகணும். பிரிஞ்ச ஃபயர்வால் முகம் நீங்க சொன்ன மாதிரியே பளபளன்னு இருக்கு.

ஸ்டெபிலைசர் வலது பாதி நல்லா இருக்கு. இடது பாதியை மட்டும் ஒட்டுப் போடலாமா, இல்ல முழுசா மாத்தணுமா? அதோட எலிவேட்டர் (ஸ்டெபிலைசர் பின்னாடி ஏறி இறங்குற மடல்) நல்லா இருக்கு, அதைக் காப்பாத்தணும்.

பால்சாத்தூள் பதில்:

முழுசாக மாற்றுங்கள். ஃபியூசிலாஜ் ஓரத்தில்தான் ஸ்டெபிலைசருக்கு வளைவு அழுத்தம் உச்சம். சரியாக அங்கே ஒட்டு வருவது நல்லதல்ல. அதுவும் அங்கேயே ஏன் முறிந்தது என்று பாருங்கள். உடைந்த ஓரத்தில் பிளேடு ஓடிய நேர்க்கோடு தெரிகிறதா? ஒட்டுமிடத்தில் ஃபிலிமை வெட்டி எடுக்கும்போது பிளேடு அரை மி.மீ. மரத்தில் இறங்கியிருக்கும். பென்சிலைக் கீறிவிட்டு மடக்குவது போலத்தான், மரம் அந்தக் கோட்டில் முறியும். டிரெய்னர்களில் வால் போவதற்கு இதுவே பெரிய காரணம். புதுசில் ஃபிலிம் வெட்டப் பிளேடு எடுக்காதீர்கள். இரும்பு ஸ்கேலை வைத்து, சூடான சால்டரிங் அயர்ன் முனையை வேகமாக இழுங்கள். ஃபிலிம் உருகிப் பிரியும், மரத்தில் கீறல் விழாது.

எலிவேட்டரை முதலில் கழற்றுங்கள். சி.ஏ. விட்டு ஒட்டும் ஹிஞ்ச் (கீல்) என்றால் இழுக்க வேண்டாம், இடைவெளியில் பிளேடு விட்டு வெட்டிவிடுங்கள். பழைய பிளவில் பால்சா சில்லு செருகி ஒட்டி மூடிவிட்டு, 15 மி.மீ. தள்ளிப் புதுப் பிளவு போட்டால் எலிவேட்டர் தப்பிக்கும். புது ஹிஞ்சுக்கு ஒரு முகத்துக்கு 5-6 சொட்டு தின் சி.ஏ. விடுங்கள், கெட்டி சி.ஏ. உள்ளே இறங்காது.

இனி ஸ்டெபிலைசர். அது வெளியே போகப் போகிறது, காப்பாற்ற வேண்டியது ஃபியூசிலாஜின் மேடையும், வாலில் நின்றவாக்கில் இருக்கும் தகடான ஃபின்னும். ஃபின் ஸ்டெபிலைசரில் செருகியிருந்தால் அதன் அடியையும் விடுவிக்க வேண்டும். ஸ்டெபிலைசரில் வெளியே நீட்டி நிற்பதை ஃபியூசிலாஜுக்கு 20 மி.மீ. வெளியே அறுத்துவிடுங்கள், வேலை பாதியாகக் குறையும். மிச்சமிருக்கும் நடுத்துண்டின் ஓரத்தில் வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்து, மேலே ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். ஃபெவிகால் ஈரம், சூடு இரண்டுக்கும் சேர்ந்து மசியும். பிறகு கித்தாரின் மிக மெல்லிய முதல் கம்பி, 0.25 மி.மீ. இருக்கும், இரண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரில் சுற்றிக்கொண்டு பசைக்கோட்டில் முன்னும் பின்னும் இழுத்து அறுங்கள். கம்பியைக் கொஞ்சம் மேல்நோக்கி, ஸ்டெபிலைசர் பக்கமே சாய்த்துப் பிடியுங்கள். தவறினால் குப்பைக்குப் போகும் மரம்தான் வெட்டுப்படும். பிரிந்ததும் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அப்புறம் உப்புத்தாள். ஈரத்தில் தேய்த்தால் பசை பிசினாக உருண்டு நாரில் அப்பிக்கொள்ளும்.

புது ஷீட் வாங்கும்போது தராசு கேளுங்கள். 1000 × 100 × 6 மி.மீ. ஷீட் ஒன்று 60 கிராமும் இருக்கும், 95 கிராமும் இருக்கும், விலை ஒன்றுதான். வாலுக்கு 60-70 கிராம் போதும். உங்கள் விமானத்தில் வால் ஈர்ப்பு மையத்திலிருந்து இருக்கும் தூரம், மூக்கின் தூரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம். நார் ஓட்டம் இறக்கைவாக்கில் இருக்க வேண்டும்.

ஒட்டும்போது ஃபியூசிலாஜின் மூக்கு நடுவில் குண்டூசி குத்தி, நீட்சி இல்லாத நூல் கட்டி, ஸ்டெபிலைசரின் இரண்டு பின்முனைக்கும் அளக்கவும். 1 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். இறக்கையை மாட்டி, பின்னாலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இறக்கைக்கும் ஸ்டெபிலைசருக்கும் இணை தெரியும். சரியாக இல்லையென்றால் மேடையைத் தேய்க்க வேண்டாம், தாழ்ந்த பக்கம் 0.4 மி.மீ. பிளை சில்லு வையுங்கள்.

சேர்வராயன்_தெர்மல் பதில்:

ஏற்காட்டில் வைத்து வேலை செய்வதாக இருந்தால் சில விஷயம். மூடுபனி நாளில் ஃபெவிகால் மணிக்கணக்கில் இறுகாது. கீழே சேலத்தில் 8 மணி நேரம் கவ்வி வைத்தால் போதுமென்றால், இங்கே 24. சி.ஏ. நேர்மாறு, ஈரக்காற்றில் சட்டென்று பிடிக்கும், ஒட்டைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சையும் அதிகம் படியும். பஞ்சு, பருத்தித் துணி இரண்டையும் தின் சி.ஏ. பக்கம் கொண்டு போகாதீர்கள், சூடேறிப் புகையும்.

ஃபிலிமை இங்கே இறுக்கிவிட்டு 20 ஹேர்பின் வளைவும் இறங்கிக் கீழே போனால் மரம் உலர்ந்து சுருங்கி ஃபிலிம் தொளதொளவென்று ஆகும். பறக்கும் ஊரிலேயே கடைசி இறுக்கு போடுங்கள். ஓரங்களை 100 டிகிரி சூட்டில் ஒட்டி, நடுவை 150இல் இறுக்கும் வகை ஃபிலிமே பரவலாகக் கிடைப்பது. இஸ்திரிப் பெட்டியின் காட்டன் புள்ளியை நம்பாமல் துண்டு ஃபிலிமில் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிலிமை எடுக்க வேண்டுமானால் லேசாகச் சூடு காட்டி, தன்மேலேயே மடித்து, மெதுவாக இழுங்கள். நேர்மேலே தூக்கினால் பால்சாத் தோலும் கூட வரும்.

இன்னொன்று. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு. அதே விமானம் ஏறக்குறைய 8 சதவீதம் வேகமாகத்தான் இறங்க முடியும், இன்ஜினும் மூச்சு வாங்கும். ரிப்பேரில் 150 கிராம் கூட்டிவிட்டு இங்கே கொண்டுவந்தால் மறுபடி சில்வர் ஓக்தான்.

வெள்ளைத்தக்கை கேட்டது:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். தெர்மாகோல் விமானத்துக்கும் இதேதானா? மோட்டார் மவுண்ட் ஹாட் குளூவுல ஒட்டியிருக்கு, சாய்ஞ்சு போச்சு.

மேட்டூர்_காற்று பதில்:

இதுக்கு நான் சொல்றதைக் கேக்கலாம். அசிட்டோன், தின்னர், சாதா ஃபெவிக்விக் மூணும் தெர்மாகோலையும் டெப்ரானையும் (அதே வகை நுரை ஷீட்) தின்னுடும், கிட்டவே கொண்டு போகாதீங்க. ஹாட் குளூவுக்கு அதே ஐசோபுரொபைல் ஸ்பிரிட்தான் மருந்து. பசை ஓரத்துல சிரிஞ்சால விட்டுட்டு ஒரு நிமிஷம் பொறுத்து, ஐஸ் குச்சியால நெம்பினா முழுத் துண்டா விட்டு வரும், தெர்மாகோலுக்கு ஒண்ணும் ஆகாது. மறுபடி ஒட்ட எபாக்ஸி போடுங்க. மோட்டார் சூட்டுக்கு ஹாட் குளூ தாங்காது, சாய்ஞ்சதே அதனாலதான் இருக்கும்.

ஓமலூர்_ரன்வே:

கடைசியா ஒண்ணு. எல்லாம் முடிஞ்சு ஃபயர்வால் சாய்வு சரியா வந்திருக்கான்னு பறக்காமலே எப்படித் தெரிஞ்சுக்கிறது? அரை மி.மீ. பிசகினா பரவாயில்லையா?

செவ்வாய்பேட்டை_ரம்பம் பதில்:

80 மி.மீ.க்கு அரை மி.மீ.ன்னா மூணில் ஒரு டிகிரி. அதுக்குக் கவலைப்பட வேண்டாம், மவுண்ட் அடியில வாஷர் வச்சுச் சரி பண்ணிக்கலாம். பறக்காம பாக்க, புரொப்பல்லரைப் படுக்கவாட்டில் திருப்பி, ஒரு முனையில இருந்து ஃபின் அடியில நடுக்கோட்டுல குத்தின குண்டூசி வரைக்கும் நூல் பிடிங்க. புரொப்பல்லரை அரைச் சுத்து திருப்பி, அதே முனையை மறுபக்கம் கொண்டு வந்து மறுபடி அளங்க. 250 மி.மீ. புரொப்பல்லர்ல 2 டிகிரி வலதுன்னா, இடது பக்க அளவு வலது பக்கத்தைவிட 8-9 மி.மீ. கூட வரணும். ரெண்டும் சமமா வந்தா ஃபயர்வாலை நேரா ஒட்டிட்டீங்கன்னு அர்த்தம்.

அப்புறம் இறக்கை மாட்டி, டேங்க் காலியா வச்சு, லீடிங் எட்ஜ்ல இருந்து 30 சதவீதத்துல ரெண்டு விரல் கொடுத்துத் தூக்குங்க. இறக்கை அகலம் 270 மி.மீ.ன்னா 81 மி.மீ. மூக்கு லேசா தாழணும். வால் தாழ்ந்தா பேட்டரியை முன்னாடி நகர்த்திப் பாருங்க, ஈயம் அதுக்கப்புறம்தான். பக்கவாட்டையும் பாக்க மறக்காதீங்க: மூக்கையும் வாலையும் பிடிச்சுத் தூக்கினா ரிப்பேர் பண்ண இடது இறக்கை தாழும். வலது நுனியில 5 கிராம்ல ஆரம்பிங்க.